ஜன்னலோரம் காத்திருந்தவள்

கதாசிரியர் அன்று காலை ஒரு சபதம் எடுத்தார். தன் கதாநாயகியைக் காப்பாற்றியே தீருவது!

முப்பது வருஷத்துக்கு முன்பு ஓகோவென்று ஓடிய நாவல் அது. புராணத்தில் புருஷனுக்காக யுகக்கணக்கில் தவம் கிடந்த ஒருத்தியை அலாக்காகத் தூக்கி வந்து, தலைவாரி, உடைமாற்றி, மாடி ஜன்னலில் உட்கார வைத்திருந்தார். மறுபதிப்புப் போட வந்த இளம் பதிப்பாசிரியையோ உதட்டைப் பிதுக்கிவிட்டாள்.

"இப்படி ஒருத்தி புராணத்துலதான் சார் இருப்பா. முடிவை மாத்துங்க. இல்லேன்னா விட்டுடலாம்."

"எங்க வீட்டுலயே இருக்காம்மா. நேர்ல வந்து பாரு!"

அவர் புளுகவில்லை. கல்யாணமான புதிதில் அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு அவர் தெருமுனை திரும்பும்போதெல்லாம், மனைவி வீட்டு மாடி ஜன்னலில் இருப்பாள். நாளெல்லாம் பொடியெழுத்தைப் பார்த்த கண்வலி அந்த முகத்தைக் கண்டதும் பறந்துவிடும்.

"அந்தப் பொண்ணு வந்தா ஜன்னல் கதையைச் சொல்லு" என்றார் மனைவியிடம்.

"உள்ளதைத்தானே?"

"உள்ளதே போதும். ஒண்ணும் சேர்க்காதே."

"சேர்க்கல" என்றாள் அவள், பரம சாதுவாக.

சாயங்காலம் பதிப்பாசிரியை வந்து ஜன்னலை எட்டிப் பார்த்தாள். "தினமும் இங்கதான் காத்திருந்தீங்களாம்மா?"

"உட்கார்ந்திருந்தேன். வீட்டுலயே வெளிச்சம் அங்கதான். நூலகத்து நாவல் படிப்பேன். இவர் தலை தெரிஞ்சதும் மெத்தைக்கு அடியில தள்ளிட்டு தெருவைப் பார்ப்பேன். வேற யார் எழுதினதைப் படிச்சாலும் இவருக்கு மூக்குமேல கோபம் வரும். எத்தனை நாள் நல்ல கட்டத்துல வந்து கெடுத்திருக்கார் தெரியுமா?"

பதிப்பாசிரியை துள்ளினாள். "இதான் சார் முடிவு! அவ மடியில புத்தகம்!"

அவள் போனபின் கதாசிரியர் ஜன்னலோரம் இடிந்துபோய் உட்கார்ந்தார். நாவல் பிழைத்துவிட்டது. முப்பது வருஷச் சந்தோஷம்தான் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு நாள்கூடவா எனக்காகக் காத்திருக்கல?"

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த மழை நாள்? வெறுங்காலோட படியிறங்கி ஓடி வந்தியே! என்னைப் பார்த்ததும் உன் கண்ணு கலங்கிச்சே! அதைத்தானே நான் கடைசிப் பக்கமா எழுதினேன்?"

"அது நிஜம்." அவள் குரல் இளகிற்று. "அன்னிக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் எட்டி எட்டிப் பார்த்தேன்."

கதாசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்படிச் சொல்லு!"

"பக்கத்து வீட்டு அக்காவுக்குன்னு சொல்லி, நூலகத்துலேருந்து நாவலோட ரெண்டாம் பாகத்தை உங்களை எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தேன். மறந்துட்டு வெறுங்கையோட வந்து நின்னா, அழுகை வராதா?"