துரைசாணியின் வெள்ளோட்டம்

“இதை யாருங்க ஓட்டப் போறது?”

“ஓட்டறதா? நல்லா கேட்டே போ! இது ஓட்டற வண்டி இல்லம்மா. பழைய நிலைக்கு மீட்கற வண்டி.”

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், இழுவை லாரியிலிருந்து அந்தப் பழைய சீமைக் கார் வாசலில் இறங்கியபோது கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் நான்கு சக்கரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றுகூட உருண்டுவிடாமல் பதினோரு ஆண்டுகள் காத்த பெருமகனை உலகம் இன்னும் அறியவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இந்த வரலாற்றின் நோக்கம்.

அவர் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கோப்பில் ஒரு காற்புள்ளி குறைந்தாலும் ‘முழுமையற்றது’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அவர் மேசையைத் தாண்டி ஒரு கோப்பும் போனதில்லை என்று சக ஊழியர்கள் குரல் தழுதழுக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் கையில்தான் கார் வந்து சேர்ந்தது. துரு ஏறியும் பிகு குறையாத அதற்கு ‘துரைசாணி’ என்று ஆசையாகப் பெயர் வைத்தார்.

அவருடைய மனைவி லாரிக்காரர் மகள். பத்தொன்பது வயதிலேயே, சுவரில் பூச்சு உதிராமல், அப்பாவின் சரக்கு லாரியைச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு ஓட்ட எதுவும் அமையவில்லை. ஆனால் கால் மறக்கவில்லை. மிக்ஸியை ஒன்றிலிருந்து இரண்டுக்குத் திருப்பும்போது இன்றும் அவள் இடது கால், கிளட்ச் என்று நினைத்து, தானாகத் தரையை மிதிக்கும். துரைசாணியை ஒரே ஒரு தரம், தெருமுனை வரைக்குமாவது, தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

கேட்டிருக்கலாம். கேட்டால், “ஏன், சார் ஓட்ட மாட்டாரா?” என்று யாராவது கேட்பார்கள். சாருக்கு ஓட்டத் தெரியாது. அது இரண்டே பேருக்குத் தெரிந்த ரகசியம். அந்த இரண்டு பேரில் ஒருவர் அதை மறந்தே போய்விட்டார். மற்றவள் அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு வாய்மூடி இருந்தாள்.

மீட்புப் பணிக்கு உடனே ஒரு குழு அமைந்தது. தலைவர், அவர். செயலர், அடுத்த வீட்டுப் பல் டாக்டர். முன்பக்கத்துக் கிரில்லின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கும் தகுதி அவருக்கு மட்டுமே இருந்தது. மெக்கானிக்குக்கு ‘தொழில்நுட்ப ஆலோசகர்’ பட்டம். அவருடைய ஆலோசனையைத் தவிர மற்ற எல்லாமே கூட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டன. அவள் ‘சிறப்பு அழைப்பாளர்’. டீ கொண்டுவருபவரை விதிமுறைகள் அப்படித்தான் கௌரவித்தன.

ஞாயிறுதோறும் பத்து மணிக்குக் காருக்குள்ளேயே கூட்டம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தலைவர், பக்கத்தில் டாக்டர், பின்சீட்டில் மெக்கானிக். ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், டிரேயோடு சிறப்பு அழைப்பாளர்.

குழுவின் கொள்கை ஒரே சொல்தான்: ‘அசல்’. தொழிற்சாலையை விட்டு எப்படி வந்ததோ அப்படியே ஆக வேண்டும். காரை முன்பு வைத்திருந்தவர் மாட்டிய விசிறி பிடுங்கப்பட்டது. பளிச்சென்று எரிந்துகொண்டிருந்த விளக்குகள் கழற்றப்பட்டு, எரியாத அசல் விளக்குகள் பொருத்தப்பட்டன. கதவிலிருந்த ஒரு நெளிசலைப் பற்றி மட்டும் மூன்று மாதம் விவாதம் நடந்தது.

“தட்டி எடுத்துடலாம் சார், பத்து நிமிஷ வேலை,” என்றார் மெக்கானிக்.

“அவசரப்படாதீங்க. அது அசல் நெளிசலா, பின்னாடி வந்ததான்னு தெரியாம எப்படிக் கை வைக்கறது?”

“பிறவியிலேயே கோணலா முளைக்கற பல்லும் உண்டு,” என்று டாக்டர் தம் நிபுணத்துவத்தைப் பதிவு செய்தார். நெளிசலுக்கு ஓர் எண் வழங்கப்பட்டு, அது பாதுகாக்கப்பட்டது.

இரண்டாம் ஆண்டில் ஒரு துயரச் சம்பவம் நிகழ்ந்தது. கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை, தலைவர் அலுவலகத்தில் இருந்தார். அந்தத் தைரியத்தில் மெக்கானிக் ஒரு டெலிவரி வேனின் கார்புரேட்டரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். துரைசாணி இருமினாள், குலுங்கினாள், பிறகு உறும ஆரம்பித்தாள்.

“அக்கா! ஓடியாங்க, வந்து கேளுங்க!”

ஈரக் கையோடு வந்த அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்குதேப்பா.”

மெக்கானிக் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். “நீங்க ஓட்டுவீங்களாக்கா?”

“லாரி.”

“அடேங்கப்பா! அப்புறம் என்ன நிக்கிறீங்க? ஏறுங்க. தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கதவுப் பிடியில் கை வைத்தாள். வைத்த நேரம், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போன தலைவர் வீடு திரும்பினார்.

“யாரைக் கேட்டு ஓட வச்சீங்க?”

“வண்டின்னா ஓடத்தானே சார் வேணும்?”

“எதை வச்சு ஓடுது? அதைச் சொல்லுங்க!”

“வேன் கார்புரேட்டர் சார்.”

“வேனா!” அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “வேனோட சாமானையா இவளுக்கு மாட்டினீங்க?”

அன்று மாலையே அவசரக் கூட்டம். ஏழு நிமிட ‘முறைகேடான இயக்கம்’ வன்மையாகக் கண்டிக்கப்பட்டது. வேன் சாமான் அகற்றப்பட்டது. ‘போலியாக ஓடுவதைவிட அசலாக நிற்பதே மேல்’ என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆலோசகர் கையெழுத்துப் போட்டார்; டீ அருமை என்றும் பதிவானது.

அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அசல் பாகங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலில் வந்தன. ஓடாத கடிகாரம் வந்தது. சிகரெட் சாம்பல் தட்டு வந்தது. குழுவில் ஒருவரும் சிகரெட் பிடிப்பதில்லை, இருந்தும் கைதட்டினார்கள். பதினோராம் ஆண்டில் அசல் கார்புரேட்டரே வந்துவிட்டது.

“சார், இனிமே குறைன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல,” என்றார் மெக்கானிக்.

இழவுச் செய்தி கேட்டவர்போல் தலைவர் உட்கார்ந்துவிட்டார். அவர் சுதாரிப்பதற்குள் டாக்டர் உணர்ச்சிவசப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிறு வந்தது. வாசற்கதவு அகலத் திறந்தது. தெரு இரண்டு பக்கமும் கூடி நின்றது. தலைவர் தொப்பியும் கையுறையுமாக ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வீற்றிருந்தார். மெக்கானிக் ஸ்டார்ட் செய்து கொடுத்துவிட்டு இறங்கினார். அசல் கார்புரேட்டர் போட்ட அசல் சத்தத்தில் காக்கைகள் பறந்தன.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. தலைவர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார். கையுறையைக் கழற்றி மாட்டினார்.

“கிளம்பலாமே சார்!” என்று கத்தினார் மெக்கானிக்.

தலைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். முகத்தில் ஒரு புது வெளிச்சம். “டாக்டர்! டயர்ல இருக்கற காத்து எங்க அடிச்சது?”

“முக்குக் கடையிலதான். ஏன்?”

“அப்ப அது உள்ளூர்க் காத்துதானே?”

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இத்தனை வருஷமா இது எனக்குத் தோணவே இல்லையே! நாலு டயரும் அசல் இல்ல!” அவர் குறிப்பேட்டைப் பிரித்துப் பேனா மூடியைத் திறந்தார். “தீர்மானமா எழுதிக்கட்டுமா? கப்பல்ல காத்து வரவழைக்க எத்தனை வருஷம் ஆகும்?”

“ஆகட்டுமே. அவசரமே இல்ல.”

சிறப்பு அழைப்பாளர் டிரேயைத் துரைசாணியின் பானெட்டின் மேலேயே வைத்தாள். டாக்டர் பதறினார். அவள் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தாள். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். மூன்றாம் பேருக்குத் தெரியாமல் எத்தனையோ வருஷம் காத்தவள். ஆனால் அந்த இஞ்சின் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. அதனால் தெருவே கேட்கும்படி சொன்னாள்.

“உங்களுக்கு ஓட்டத் தெரியாதது ஒண்ணும் குத்தம் இல்லீங்க. எனக்குத் தெரியுமேன்னு ஒரு நாளாவது நினைச்சீங்களா? பதினோரு வருஷமா நீங்க இந்த சீட்டைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தது ஓட்டறதுக்கு இல்ல. வேற யாரும் ஓட்டிடக் கூடாதுன்னுதான்.”

அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவள் கதவைத் திறந்தாள்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. நான் ஓட்டணும்.”