பண்ணையார் ரீசெட் ஆன கதை

என் போனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அழைப்பு வந்தால் எடுக்க முடியவில்லை, எடுத்தால் வைக்க முடியவில்லை. நேற்று மகள் கூப்பிட்டபோது திரை அப்படியே நின்றுவிட்டது. தேய்த்துத் தேய்த்து விரல் வலித்ததுதான் மிச்சம். வெளியூரில் படிக்கப் போனவள் வாரத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடுகிறாள். அதையும் போன் தின்றுவிட்டது.

"ரீசெட் பண்ணுங்க," என்றாள் மனைவி.

"பண்ணா எல்லாம் போயிடுமே."

"எடுத்து வெச்சிட்டுப் பண்ணுங்க. ஊர் உலகமே பண்ணுது."

"முக்கியமான ஆபீஸ் விஷயமெல்லாம் இருக்கு."

"ஆபீஸ் விஷயமா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்த ஆபீஸ் விஷயம் ஒரு பண்ணை. கேம். மகள் போன லீவில் என் போனில் ஆரம்பித்து வைத்தது. தக்காளி, சோளம், கோழிகள், என் பெயரில் ஒரு மாடு. மாட்டுக்கு மூக்குக்கண்ணாடி வேறு. வேலி ஓரத்தில் ஒரு பெஞ்சு, அதில் மூன்று பொம்மைகள். நடுவில் இருப்பது அவள். "தண்ணி ஊத்த மறந்துடாதீங்கப்பா," என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

தலை நரைத்த பிறகு இதைப் போய் மனைவியிடம் சொல்ல முடியுமா? மானம் கப்பலேறிவிடும். அதனால் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விவசாயம் பார்த்தேன். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு "அங்க விட்டுட்டீங்கப்பா," என்று காட்டுவது போலிருக்கும். அவள் போன பிறகு வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. பண்ணை மட்டும்தான் அவள் விட்டுப்போன மாதிரியே இருந்தது. அதை இழக்க என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்கினேன். போட்டோக்களை லேப்டாப்பில் ஏற்றினேன். நம்பர்களையும் ஏற்றினேன். பண்ணை ஒன்றுதான் பாக்கி. கேமுக்குள் போய்ச் 'சேமி' என்பதை அழுத்தினேன்.

'உங்கள் பண்ணை ஏற்கெனவே சேமிக்கப்பட்டுள்ளது. இன்னொரு போனிலும் இணைந்துள்ளது.'

இன்னொரு போனா? மெல்ல விளங்கியது. கொஞ்ச நாளாகவே நான் போவதற்குள் கோழிகளுக்குத் தீனி போட்டிருக்கும். சோளம் அறுத்திருக்கும். கேம்காரனின் தாராள மனசு என்று நினைத்திருந்தேன். என் மகளா? படிப்புக்கு நடுவில், அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அப்பாவின் கோழிக்குத் தீனி போடுகிறாளா?

இனி என்ன பயம்? ரீசெட்டை அழுத்தினேன். போன் மொட்டை போட்ட குழந்தை மாதிரி வெளியே வந்தது. கேமைத் திரும்ப ஏற்றினேன். இணைத்த நம்பருக்கு ஒரு எண் அனுப்பியிருப்பதாகவும், அதைப் போட்டால்தான் கதவு திறக்கும் என்றும் சொன்னது.

மகள் நம்பர் எனக்கு மனப்பாடம். கூப்பிட்டேன்.

"கண்ணு, உனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு."

"என்ன நம்பர்ப்பா?"

"நம்ம பண்ணைக்கு."

"எந்தப் பண்ணை?" பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஓ, அந்த கேமா? அதை இன்னுமா வெச்சிருக்கீங்க? பஸ் வந்துடுச்சுப்பா, சாயங்காலம் பேசறேன்."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மறந்ததுகூடப் பரவாயில்லை. பண்ணையை நானே கைகழுவிவிட்டேனே.

மனைவி கையில் போனோடு வந்து நின்றாள்.

"ஒரு நம்பர் வந்திருக்கு. உங்க ஆபீஸ்லேர்ந்தா?"

"நீயா?"

"நீங்க குளிக்கப் போனப்ப என் நம்பர்ல இணைச்சுக்கிட்டேன். உங்க போன் என்னிக்காவது மண்டையப் போட்டா? என் பொண்ணு போட்ட பெஞ்சு என்னாவறது?"

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொன்னீங்களா?" பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "சமையலை முடிச்சிட்டு அந்தப் பெஞ்சைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு வருவேன். இந்த வீட்ல நீங்க மட்டும்தான் ஏங்கறதா நெனப்பா?"

நான் அவள் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆனா நீங்க உள்ள வந்தா அது என்னை வெளிய தள்ளிடுது. பாத்ரூமுக்குப் போனா நீங்க திரும்பி வர்றதே இல்ல. அதான் ரீசெட் பண்ணச் சொன்னேன். அப்புறம் என்கிட்ட நம்பர் வாங்காம உள்ள போக முடியாதில்ல."

"அப்ப போன் கெட்டது?"

"அது தானா கெட்டுது. எனக்கு வசதியாப் போச்சு."

"சரி, நம்பரைச் சொல்லு."

"சொல்றேன். தக்காளியத் தொடக் கூடாது. பழுக்கறதுக்குள்ள பறிச்சிடறீங்க. கோழி என்னோடது. நான் கூப்பிட்டாதான் உள்ள வரணும். சாணி அள்ளணும்."

"சரி."

"சரின்னா?"

"சரிங்க."

நம்பரைச் சொன்னாள். அன்றிலிருந்து என் சொந்தப் பண்ணையில் நான் கூலியாள். சாயங்காலம் அந்தப் பெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளலாம், அதுதான் கூலி. அதுவும் சாணி அள்ளி முடித்திருந்தால்.