பினாயில் ஊற்றிய மாப்பிள்ளை

அடுப்பு பற்றவில்லை.

பண்ணைக்காரரின் மனைவி லைட்டரைச் சொடுக்கினாள். டிக். இன்னொரு தடவை, டிக். அடுப்பு வாயே திறக்கவில்லை. சமையற்கட்டு வாசலில் டம்ளரும் கையுமாக வரிசையில் நின்ற பயிற்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீ வருமா, வராதா?" என்றார் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். இயற்கையோடு ஒட்டி வாழக் கற்றுக்கொள்ளத்தான் வந்திருந்தார். ஆனால் காலையில் டீ உள்ளே போகாமல் அவருக்கு இயற்கையாக எதுவும் நடக்காது.

வரிசையின் கடைசியில் நின்றவன் பினாயில்.

பினாயில் என்பது ஆஸ்பத்திரியில் அவனுக்கு வைத்த பெயர். அங்கே துப்புரவு மேற்பார்வை வேலை. கிருமியைக் கொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவன். யாராவது கிருமி என்று வாயால் சொன்னாலே போய்க் கையைக் கழுவிவிட்டு வருவான். அப்படிப்பட்டவனையும் ஒருத்தி காதலித்தாள். மூன்றாவது மாடி நர்ஸ். நல்ல பெண், அழகான பெண். என்ன, அவளுடைய அப்பா இந்தப் பண்ணைக்காரர்.

கடையிலிருந்து எதையும் வாங்காமல், எதையும் வீணாக்காமல், மண்ணைக் கொண்டும் மாட்டைக் கொண்டும் வாழ்வது எப்படி என்று பட்டணத்து ஆட்களுக்குப் பாடம் நடத்துகிறவர் அவர். மகள் விஷயத்தைச் சொன்னதும் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"உன் ஆளு ஒரு வாரம் எல்லாரையும் போல இங்க தங்கிக் கத்துக்கட்டும். ஒண்ணையும் கெடுக்காம முடிச்சான்னா கல்யாணத்தைப் பேசலாம். ஏதாவது ஒண்ணைக் கெடுத்தான், அன்னைக்கே மண்புழு உரக்காரர் மகனுக்குப் பேசி முடிச்சிடுவேன்."

மண்புழு உரக்காரர் மகன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு கையில் புழுவை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் சாப்பிடுவானாம்.

பினாயில் பல்லைக் கடித்துக்கொண்டு வாரத்தை ஓட்டினான். சாம்பலால் பாத்திரம் தேய்த்தான். கக்கூஸில் தண்ணீருக்குப் பதில் மரத்தூள் போட்டான். வேண்டாம் என்று சொன்னாலும் புரியாத கன்றுக்குட்டி முகத்தை நக்கியபோதும் சிரித்துக்கொண்டே நின்றான். இன்று கடைசி நாள். சாயங்காலம் கல்யாணப் பேச்சு.

இந்த நேரம் பார்த்தா அடுப்பு மக்கர் பண்ண வேண்டும்!

"யாரும் பதற வேண்டாம்," என்று பண்ணைக்காரர் எல்லாரையும் சாண எரிவாயுக் குழிக்கு அழைத்துப் போனார். சிமெண்டுக் கூரை போட்ட பெரிய குழி. ஒரு பக்கம் சாணத்தைக் கரைத்து ஊற்றும் தொட்டி, மறுபக்கம் கழிவு வெளியே வரும் வாய். நடுவிலிருந்து கேஸ் குழாய் சமையற்கட்டுக்குப் போகிறது.

"உள்ள கோடிக்கணக்கான கிருமிங்க இருக்கு," என்று அவர் கூரையைத் தட்டிக்கொடுத்தார். "சாணத்தைத் தின்னு கேஸா மாத்துதுங்க. நமக்குச் சமைச்சுப் போடுறதே அதுங்கதான். நான் அதுங்களை என் சொந்தப் புள்ளைங்க மாதிரி வளர்க்கிறேன்."

பினாயிலின் முகம் வெளுத்தது. கல்யாணப் பேச்சுக்காக லீவில் வந்திருந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டாள். அவன் சட்டையைப் பிடித்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையே."

"திருட்டு முழி முழிக்கிற. என்ன பண்ணின?"

"நேத்து சாயங்காலம் உங்க அப்பா அந்தத் தொட்டியைச் சுத்தம் பண்ணச் சொன்னாரு. பண்ணினேன்."

"எதால பண்ணின?"

"ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டுவந்த மருந்தால."

"எவ்வளவு?"

"முழு பாட்டில். தொட்டி எப்படிப் பளபளன்னு ஆச்சு தெரியுமா? ஆபரேஷன் தியேட்டர் தோத்துச்சு. அப்புறம் எல்லாத்தையும் குழிக்குள்ள தள்ளிக் கழுவி விட்டேன்."

"அட பாவி மனுஷா! எங்க அப்பா புள்ளைங்கன்னு சொல்றாரு, நீ மொத்தமா கொன்னுட்டு வந்து நிக்கிறியே!"

"மொத்தமான்னு சொல்லாதே," என்றான் அவன் ரோஷத்தோடு. "நூத்துக்கு ஒண்ணு பிழைக்கும்னு பாட்டில்லயே போட்டிருக்கு."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

சமையற்கட்டு வாசலில் பண்ணைக்காரரின் மனைவி விறகடுப்பை மூட்டிப் புகையில் இருமிக்கொண்டிருந்தாள். "ஏங்க, எல்லாரையும் எதுக்குப் போட்டுப் பயமுறுத்துறீங்க? மத்தியானத்துக்குள்ள கேஸ் வந்துடும்."

"கேஸ் என்ன பஸ்ஸா, நேரத்துக்கு வர்றதுக்கு?" என்று குழியிலிருந்து திரும்பிவந்த பண்ணைக்காரர் எரிந்து விழுந்தார்.

நர்ஸின் அம்மாவுடைய நம்பிக்கையைப் பார்த்துப் பினாயிலுக்கு மனசு இன்னும் கனத்தது. மத்தியானத்துக்குள் எப்படியாவது குழிக்கு உயிர் கொடுத்தே தீருவது என்று முடிவு கட்டினான். நேராக பேங்க் மேனேஜரிடம் போனான். வகுப்பில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டவர் அவர்தான்.

"சார், சும்மா ஒரு சந்தேகம். குழிக்குள்ள இருக்கிறதுங்க திடீர்னு செத்துப்போச்சுன்னா என்ன பண்ணணும்?"

"எதுக்குச் சாகணும்?"

"ஒரு பேச்சுக்கு, சார்."

"புதுச் சாணத்தைக் கரைச்சு ஊத்தணும். அதுலயே புதுக் கிருமி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும், தண்ணி நிறையக் கலக்கணும், பொறுமையா இருக்கணும்."

அதில் சாணம் என்பது மட்டும்தான் பினாயிலின் காதில் ஏறியது. மற்றவர்கள் விறகடுப்பு டீக்கு அடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு கைகளிலும் உறையை மாட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தான். மாடு அவனை ஏற இறங்கப் பார்த்தது. தரையில் இருந்ததையெல்லாம் வாரி வாளி வாளியாகத் தொட்டியில் கொட்டினான். போதாது என்று பட்டது. மாட்டுக்குப் பின்னால் வாளியை ஏந்திக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் மனசு வை, தாயே. என் வாழ்க்கையே உன் கையிலதான் இருக்கு."

கையில் இல்லை, இருந்தாலும் மாடு மனசு வைத்தது. பாதி வாளியில், பாதி அவன் மேல்.

தண்ணீர் கலக்காத சாணம், தொட்டியிலிருந்து குழிக்குப் போகும் குழாயில் களிமண்ணாட்டம் அடைத்துக்கொண்டது. அவன் ஒரு மூங்கில் கழியை எடுத்துக் குத்தினான். கழி உள்ளே போயிற்று. இழுத்தான், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். பாதிக் கழி கையோடு வந்து, அவன் பின்னால் போய்ச் சேற்றில் உட்கார்ந்தான்.

"நிறுத்துடா!" என்று ஓடிவந்தாள் நர்ஸ். "இதுக்கு மேல எதையும் தொடாதே. அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்."

"நீ என்ன பேசினாலும் அவரு மண்புழுவைத்தான் கூப்பிடுவாரு. ஒரே ஒரு வழி இருக்கு. தோட்டத்து மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பை உள்ள விட்டா அடைப்பு ஒரே தள்ளுல போயிடும்."

"அந்தப் பக்கம் வெளிய வருமே!"

"வரட்டும். அங்க யாரு இருக்கா?"

அங்கேதான் எல்லாரும் இருந்தார்கள். டீ குடித்த தெம்பில் பண்ணைக்காரர் பயிற்சிக்காரர்களைக் கழிவு வாயைச் சுற்றி நிறுத்தி, அருகில் மண்டியிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குழியின் சிமெண்டு மேடு மறைத்ததால் பினாயிலுக்கு ஒருவரும் தெரியவில்லை. மோட்டாரைப் போட்டான்.

கடகடவென்று உள்ளே ஏதோ உருண்டது.

"கேக்குதா?" பண்ணைக்காரரின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "சத்தம் கேக்குதா உங்களுக்கெல்லாம்? என் புள்ளைங்க முழிச்சிட்டாங்க! கிட்ட வாங்க, பயப்படாம வாங்க!"

எல்லாரும் கிட்ட வந்தார்கள்.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அடைப்பு, கழி, ஆஸ்பத்திரி மருந்து நுரை, இத்தனை காலத்துச் சாணக் குழம்பு எல்லாமாகச் சேர்ந்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. முன்னால் நின்றவர்கள் பின்னால் ஓட, பின்னால் நின்றவர்கள் வழுக்கி விழ, எந்தச் செருப்பு யாருடையது என்று தெரியாமல் போயிற்று. குனிந்திருந்த பண்ணைக்காரர் நிமிர்ந்தபோது, கண்ணைத் தவிர மனிதர் என்று சொல்ல அவரிடம் அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை.

பேங்க் மேனேஜர்தான் சமயோசிதமாக ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். திரும்பினால், சுவிட்சில் கையோடு அவரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதானா அது?" பண்ணைக்காரர் கர்ஜித்தார். "காலையில டீக்கு அலையும்போதே நினைச்சேன். ஒரு டீ லேட்டானதுக்கு என் குழியையே நாசம் பண்ணிட்டீங்களே!"

"ஐயையோ, நான் நிறுத்தத்தான் வந்தேன்!"

"பேசாதீங்க! சர்டிபிகேட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மூட்டையைக் கட்டுங்க!"

பேங்க் மேனேஜர் பெட்டியை எடுக்கத் திரும்பினார். அந்த வயதில் அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. பினாயில் வாயை மூடிக்கொண்டு நின்றால் சாயங்காலம் கல்யாணப் பேச்சு. அவனும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றான், பொய் சொல்வானேன். நர்ஸ் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்தான். பிடியை மெதுவாக எடுத்துவிட்டு முன்னால் வந்தான்.

"அவரு இல்லை, சார். நான்தான். மோட்டார் போட்டதும் நான், கழியை உடைச்சதும் நான், மாட்டுக்குப் பின்னால நின்னதும் நான். அதுக்கெல்லாம் முன்னாடி, நேத்து உங்க தொட்டியில முழு பாட்டில் கிருமி மருந்தை ஊத்தினதும் நான்தான். உங்க புள்ளைங்களை நான்தான் சார் கொன்னுட்டேன்."

யாரும் மூச்சு விடவில்லை. விடக்கூடிய வாசனையும் இல்லை.

"கிருமி மருந்தா?" பண்ணைக்காரர் குழியைத் திரும்பிப் பார்த்தார். "வருஷக்கணக்கா வளர்த்தேனே! நேத்து ராத்திரி வரைக்கும் அந்தக் குழிதானே சோறு போட்டுச்சு! வெளிய போடா. என் பொண்ணு மண்புழு வீட்டுக்குத்தான்!"

"அப்பா!" நர்ஸ் முன்னால் வந்தாள். அழுகையும் கோபமும் அவளுக்குச் சேர்ந்து வந்தன. "உண்மையைச் சொன்னவனை விரட்டுறீங்களே, இது நியாயமா? கேஸ் நின்னா என்ன இப்போ? ஒரு சிலிண்டர் வாங்கி வச்சா முடிஞ்சுது!"

"சிலிண்டரா?" அவர் மேல் இருந்த சாணமே அதிர்ந்தது. "என் பண்ணைக்குள்ள சிலிண்டரா?"

"ஏங்க, போதும், உள்ள வாங்க, குளிங்க," என்று அவர் மனைவி வேகமாகக் குறுக்கே வந்தாள். அவள் கண் வாசல் பக்கமே இருந்தது.

"நீ சும்மா இரு! எல்லாரும் சாட்சி, கேட்டுக்குங்க. என் வாசலுக்குள்ள என்னைக்கு ஒரு சிலிண்டர் வருதோ, அன்னைக்கு இவன் என் மாப்பிள்ளை! அந்த நிமிஷமே கல்யாணத்தைப் பேசுவேன்! இது சத்தியம்!"

பேங்க் மேனேஜர் பழக்க தோஷத்தில் கை தட்டிவிட்டார். பினாயில் தலையைக் குனிந்துகொண்டு தன் பையை எடுக்க நடந்தான்.

வாசலில் ஒரு குட்டி வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்தவன் சிவப்பாக எதையோ தோளில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்தான். சாணத்தில் குளித்து நின்ற கூட்டத்தை விநோதமாகப் பார்த்தான். அதில் பண்ணைக்காரரை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. சமையற்கட்டு அம்மாளைத்தான் தெரிந்தது.

"நேத்து ராத்திரியே தீர்ந்துடுச்சாமேம்மா! எப்பவும் போல வைக்கோல் போருக்குப் பின்னாலயே ஒளிச்சு அடுப்புக் குழாயில மாட்டிடவா, இல்ல ஐயா வெளியூர் போயிட்டாரா?"