ஷிராஸ் பெரியப்பாவுக்கு விருந்து

"மாப்பிள்ளே, மெஹ்ரி விஷயமா ஒரு வார்த்தை..." என்று ஹெஷ்மத் பெரியப்பா மறுபடியும் தொண்டையைச் செருமினார்.

"முதல்ல சாப்பிடுங்க மாமா! விருந்தாளியை வெறும் வயித்தோட பேச விட்டா இஸ்ஃபஹான்ல என்னை எவன் மதிப்பான்?" என்று ஜம்ஷித், ரொட்டிமேல் கொத்துக்கறி வைத்த பிரியானி இன்னொன்றை அவர் தட்டில் தள்ளினான்.

மனைவி மெஹ்ரி, அம்மாவுக்கு முழங்கால் வலி என்று ஷிராஸுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. முழங்காலாவது மண்ணாவது! கோபித்துக்கொண்டு போனாள் என்பது ஜம்ஷித்துக்கே தெரியும். அவள் இல்லாத வீட்டில் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போன மாதம் அவள் அண்ணன் வந்து விருந்து சாப்பிட்டுப் போனான், இப்போது அவளுடைய பெரியப்பாவே பஸ் ஏறி வந்திருக்கிறார், சமாதானம் பேசத்தானே? மனிதரைக் குளிர வைத்து அனுப்பினால் மெஹ்ரி தானாக வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டான்.

பெரியப்பா ஏப்பம் விட்டுக்கொண்டு வெளியே வந்தார். "இப்பவாவது சொல்லிடறேன்பா..."

"மசூதியைப் பாத்துட்டுச் சொல்லுங்க மாமா. எங்க ஓடிப் போகுது?"

பெரிய மசூதியின் நடு மண்டபத்தில், குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று பேசினால் சத்தம் மேலே போய்த் திரும்பத் திரும்ப வரும். ஷிராஸ்காரருக்கு அது தெரியாது; சரியாக அந்தக் கல்லின் மேல் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மெஹ்ரி..."

மெஹ்ரி, மெஹ்ரி, மெஹ்ரி என்று குவிமாடம் ஊருக்கே சொன்னது. நீல ஓடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் இவர் பக்கம் திரும்பினார்கள். பெரியப்பா வாயைப் பொத்திக்கொண்டார்.

"கேட்டீங்களா மாமா, மசூதியே அவளைக் கூப்பிடுது!" என்றான் ஜம்ஷித்.

கடைத்தெருவில் பெரியப்பா அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு மேசைவிரிப்பைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அது பொட்டலமாகிவிட்டது.

"ஐயோ, வேண்டாம்பா!"

இந்த ஊரில் வேண்டாம் என்பது மரியாதை. அதை நம்புகிறவன் காட்டான். பெரியப்பா நிஜமாகவே வேண்டாம் என்று கெஞ்சினார். அடடா, என்ன பண்பான மனுஷர் என்று ஜம்ஷித் ஒரு செப்புத் தட்டையும் சேர்த்து வாங்கினான். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அவர் மறுக்க, ஒரு தேநீர் ஜாடியும் சேர்ந்துகொண்டது.

"வாங்கிக்கோங்க ஐயா, இப்படி ஒரு தங்கமான மாப்பிள்ளை கிடைப்பானா?" என்றார் கடைக்காரர்.

பெரியப்பா பொலபொலவென்று அழுதுவிட்டார். "உன் உப்பைத் தின்னுட்டு நான் எப்படிப்பா..."

"பேசாதீங்க மாமா. உங்க மனசு எனக்குப் புரியுது."

பஸ் நிலையத்தில் நான்கு பெட்டி மிட்டாயையும் அவர் மடியில் திணித்து அனுப்பிவைத்தான். பஸ் நகர்ந்தபோது பெரியப்பா கண்ணாடிக்குப் பின்னால் என்னவோ சொன்னார். இவன் கையசைத்தான்.

அப்போதே மெஹ்ரியின் தங்கை சூசன் போன் செய்தாள்.

"அத்தான், பெரியப்பா பேசினாரா?"

"எங்க பேச விட்டேன்! நல்லா கவனிச்சு அனுப்பியிருக்கேன். அக்கா எப்ப வர்றா?"

"வியாழக்கிழமை வர்றா."

ஜம்ஷித் அங்கேயே ஒரு குதி குதித்தான். "அப்படிச் சொல்லு! என்ன சமைக்கட்டும்? மாதுளை ரசம் போட்டு வாத்துக்கறி வைக்கட்டுமா?"



"தயவுசெஞ்சு ஒண்ணும் சமைச்சிடாதீங்க அத்தான், விவாகரத்துக்கு உங்க சம்மதம் கேக்கப் போன மாசம் அண்ணனை அனுப்பினோம், இப்ப பெரியப்பாவை அனுப்பினோம், ரெண்டு பேரையும் தின்ன வச்சே வாயடைச்சுட்டீங்க, அதான் அக்கா பட்டினியோடயே வந்து கேட்டுக்கறேன்னு கிளம்பறா!"