அலைக்கு எந்த ல?

"வெள்ளம்" என்ற சொல்லை "வெல்லம்" என்று போட்டுவிட்டு, டிசைனர் நாற்காலியில் சாய்ந்து அதைத் திருப்தியோடு பார்த்தார். ஆளுயரப் போஸ்டர். எழுத்துகளின் கீழ்ப்பாதி கலங்கல் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. புள்ளிகள் இரண்டும் மூச்சு விட மேலே வந்தவை போல மிதந்தன. எல்லாம் அருமை. ஊரை மூழ்கடித்தது தண்ணீரா, இனிப்பா என்பதுதான் கேள்வி.

முதலாளி பின்னால் வந்து நின்று கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "பிரமாதம்ப்பா. தண்ணி நிக்கிறது அப்படியே தெரியுது." அவருக்கு லகரமும் ளகரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

"புரூஃபுக்கு அனுப்பிடலாமா?"

"அனுப்பு, அனுப்பு. உங்க வீட்டம்மா கண்ணுல படாம இங்கேருந்து ஒரு விசிட்டிங் கார்டு கூட வெளிய போகக் கூடாது."

டிசைனருக்கு வேண்டியதும் அதுதான்.

போன வருடம் ஊரைப் புரட்டிப் போட்ட புயலின் நினைவாக ஐந்து போஸ்டர்கள். புகைப்படம் வேண்டாம், ஓவியம் வேண்டாம், எழுத்து மட்டும் என்று நிவாரண அலுவலகம் சொல்லியிருந்தது. பட்டவர்களுக்கு மறுபடியும் அதைப் படம் போட்டுக் காட்டுவானேன் என்பது அவர்கள் எண்ணம். போஸ்டருக்கு ஒரே ஒரு சொல். முதல் போஸ்டர் "புயல்" பிழையில்லாமல் போய், மூலையில் ஒரு சிவப்பு டிக்கோடு திரும்பி வந்திருந்தது. ஒரு டிக்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பான்? அப்போதுதான் அவருக்குப் புத்தி வந்தது. சரியாக எழுதினால் டிக் கிடைக்கும். தப்பாக எழுதினால் கையெழுத்து கிடைக்கும்.

அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரி, முதலாளிக்குப் பிழை திருத்தித் தரும் அவர் மனைவி, இப்போது ஊரின் மறுகோடியில், அக்கா வீட்டில் இருந்தாள். சண்டை பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பிடும்போது அவர் ஏதோ கதை சொல்ல, அவள் நடுவில் ஒரு சொல்லைத் திருத்த, "வீட்டுலயாவது அந்தச் சிவப்புப் பேனாவ மூடி வையேன்" என்று அவர் வாயை விட்டுவிட்டார். அவள் பேனாவை மூடினாள். அப்புறம் பெட்டியை மூடினாள்.

அதிலிருந்து இருவரும் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். யார் முதலில் அடிக்கிறாரோ அவர் இறங்கி வந்ததாக ஆகிவிடும். வேலை மட்டும் நிற்கவில்லை. முதலாளியின் அலுவலக வண்டிக்காரர் புரூஃப் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார், திருத்தியதைக் கொண்டுவருவார். போஸ்டர் அச்சாகி வந்தால் ஊரெல்லாம் ஒட்டுவதும் அவரே.

வீட்டில் டிசைனருக்கு நாக்கு வெறுமையாக இருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே "வாளப்பளம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சமையலறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தப்பு தப்பாகவே கிடந்தது. அதைப் போல ஒரு துக்கத்தை அவர் அனுபவித்ததில்லை.

வெல்லம் மறுநாளே திரும்பி வந்தது. இரண்டு லகரங்களையும் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் "பெரிய ள". அவ்வளவுதான்.

டிசைனர் அந்த வட்டத்தை மத்தியானம் முழுக்க ஆராய்ந்தார். முடியும் இடத்தில் பேனா கொஞ்சம் அழுந்தியிருந்தது. கோபம் தீரவில்லை என்று அர்த்தமா, மனசு கனத்திருக்கிறது என்று அர்த்தமா?

"அம்மா எதாவது சொன்னாங்களா?" என்று வண்டிக்காரரைக் கேட்டார்.

"அடுத்தது எப்ப வரும்னு கேட்டாங்க சார்."

"எப்படிக் கேட்டாங்க?"

"வாயால கேட்டாங்க சார்."

அடுத்தது எப்போது வரும் என்று கேட்டாளாமே. டிசைனருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே அடுத்த போஸ்டரில் உட்கார்ந்தார். சொல் "கரை". ஆறு கரையை உடைத்ததை எழுத்தில் காட்ட வேண்டும். சேற்று நிறத்தில் எழுத்துகள், நெஞ்சுயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. சின்ன ர போட வேண்டிய இடத்தில் கூசாமல் பெரிய றவைத் தூக்கி வைத்தார். "கறை."

போட்டதும் அவருக்கு வேறொரு ர நினைவுக்கு வந்தது. புயல் நாளில் அவர் இந்த அலுவலகத்தின் மாடியில் மாட்டிக்கொண்டார், அவள் வீட்டில். சிக்னல் போவதற்கு முன்னால் அவசர அவசரமாக ஒரு செய்தி அனுப்பினார்: "பத்திரமாக இறுக்கிறேன்." பதில் வந்தது: "சின்ன ர. சீக்கிரம் வாங்க." அந்தப் புயலைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் மற்றவர்களுக்குக் காற்று நினைவுக்கு வரும், அவருக்குச் சின்ன ர நினைவுக்கு வரும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வீடு வந்து சேர்ந்தவர் அவர். இப்போது அவளைத் திரும்பக் கூப்பிட ஒரு வரி எழுதத் தெரியாமல் போஸ்டர் போஸ்டராக எழுத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் "கறை" புரூஃபுக்குப் போகவில்லை. நிவாரண அலுவலகத்து அதிகாரியம்மா முன்னறிவிப்பில்லாமல் வந்தார். முதலாளி பெருமையாகப் போஸ்டரைச் சுவரில் மாட்டிவிட்டார்.

அதிகாரியம்மா போஸ்டரின் கிட்டே போய்ப் பார்த்தார். டிசைனர் முந்திக்கொண்டார்.

"மேடம், அது வந்து, எழுத்துல சின்னதா ஒரு..."

"எங்க வீட்டுக் கூடத்துல இதே உயரத்துலதாங்க அந்தக் கோடு இருக்கு" என்றார் அதிகாரியம்மா. "ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சாச்சு. மறுபடி தெரியுது. கரை போயிடுச்சு, கறை போகல. எப்படிங்க ஒரே எழுத்துல சொன்னீங்க?"

"இல்ல மேடம், நிஜமாவே அது தப்பு."

"அடக்கம்" என்றார் முதலாளி. "எப்பவும் இப்படித்தான்."

போகும்போது அதிகாரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் காரில் ஏறியதும் முதலாளி ஆணையிட்டார்: "இந்த சீரிஸ் இனிமே புரூஃபுக்குப் போகாது. திருத்தினா உயிர் போயிடும்."

உயிர் போனது டிசைனருக்குத்தான். அவளிடம் போக இருந்த ஒரே வழியை அவரே கெட்டிக்காரத்தனமாக அடைத்துவிட்டார்.

சரி, பிழையைக் கலை என்கிறார்கள், பிழையில்லாமல் கொடுத்தால் மரியாதையாகப் புரூஃபுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். நான்காவது போஸ்டர் "மழை". அகராதியைப் புரட்டி, சிறப்பு ழகரம் போட்டு, சுத்தமாகச் செய்து கொடுத்தார். முதலாளி அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இதுல பிழை எங்கப்பா?"

"பிழையே இல்ல சார். அதான் ஒரு தடவை புரூஃபுக்கு..."

"பிழையே இல்லையா?" முதலாளியின் முகம் மெல்ல மலர்ந்தது. "எல்லாரும் தேடுவாங்க. கிடைக்காது. மழைக்குக் காத்துக்கிட்டிருந்த மாதிரி நிப்பாங்க. எங்கேருந்துப்பா உனக்கு இதெல்லாம் தோணுது?"

மழையும் நேராக அச்சுக்குப் போனது.

மிச்சம் ஒரே போஸ்டர். "அலை." அடியில் உதவி எண் வர வேண்டியது அதில் மட்டும்தான். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்த டிசைனருக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. அச்சில் வரும் எந்தத் தொலைபேசி எண்ணையும் அவள் கண்ணால் மட்டும் பார்த்து விடமாட்டாள். அடித்துப் பார்த்து, யார் எடுக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் டிக் போடுவாள். அது வேலை. வேலைக்காக அடித்தால் இறங்கி வந்ததாக ஆகாது.

உதவி எண்ணை எடுத்துவிட்டு, தங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய தொலைபேசியின் எண்ணைப் போட்டார். புரூஃபில் மட்டும்தான், அவள் அடித்ததும் மாற்றிவிடலாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? "அலை"யின் நடு எழுத்தையும் மாற்றினார். "அழை." ழகரத்தின் வால் கரையேறி வரும் அலை போலச் சுருண்டு நின்றது. இத்தனை வருடத் தொழிலில் அவர் இவ்வளவு அழகாக ஒரு எழுத்தை வரைந்ததில்லை.

"சார், இதுல போன் நம்பர் இருக்கு. நம்பர்ல தப்பு வந்தா ஆபத்து. இது மட்டும் புரூஃபுக்குப் போயே ஆகணும்."

முதலாளியால் மறுக்க முடியவில்லை. வண்டிக்காரர் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். டிசைனர் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார், தொலைபேசியைத் துடைத்து, பொழுது சாயும் வரை மடியில் வைத்துக் காத்திருந்தார்.

மணி அடித்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ" என்றார், முடிந்தவரை பிழையில்லாமல்.

"சார், கனமழைன்னு சொல்றாங்களே, துணி காயப் போடலாமா?"

ஆண் குரல். டிசைனர் தவறான எண் என்று சொல்லி வைத்தார். உடனே மறுபடி அடித்தது. "போஸ்டர்ல அழைன்னு போட்டிருந்துச்சுங்க. அழைச்சேன்" என்றது ஒரு பெண் குரல். அதுவும் அவள் குரல் இல்லை.

டிசைனர் செல்போனில் முதலாளியைப் பிடித்தார். "சார், அந்தப் போஸ்டர்..."

"அதுவா? புதுசா மழை எச்சரிக்கை வந்திருக்குன்னு அதிகாரியம்மா அவசரப்படுத்தினாங்க. உன் கம்ப்யூட்டர்ல இருந்ததை அப்படியே அச்சுக்குக் கொடுத்துட்டேன். பாதி ஊர் ஒட்டியாச்சு. புரூஃப் அது பாட்டுக்கு வரட்டும்."

"சார், அது எங்க வீட்டு நம்பர்."

முதலாளிக்கும் கலைக்கு ஒரு எல்லை உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

"சரியான நம்பரோட மறுபடி அச்சடிக்கிற வரைக்கும்" என்றார், "நீ அந்தப் போனை விட்டு நகரக் கூடாது. ஒரு ஆளு அடிச்சு யாரும் எடுக்கலைன்னு ஆகக் கூடாது. புரியுதா?"

டிசைனருக்குப் புரிந்தது. ஒரு பெண்ணை வரவழைக்கப் போய் ஒரு ஊரையே வழிமாற்றி விட்டிருக்கிறோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அதிகாரியம்மாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டு, எந்தெந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்குமிடம் என்ற விவரத்தையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மழையும் பிடித்துக்கொண்டது. ஊரும் அவரைப் பிடித்துக்கொண்டது. மாடியில் தண்ணீர் தேங்குகிறது என்றார்கள். பாம்பு வந்திருக்கிறது என்றார்கள், அது தோட்டத்துக் குழாய் என்று திரும்ப அடித்துச் சொன்னார்கள். ஒரு பெரியவர், "ஒண்ணுமில்ல தம்பி, எடுக்கிறாங்களான்னு பார்த்தேன். போன வருஷம் அடிச்சு அடிச்சுப் பார்த்தேன், யாரும் எடுக்கல" என்றார். டிசைனர் அவரோடு ரொம்ப நேரம் பேசினார். அவருடைய தெருப் பெயரை இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மணி அடித்தபோதெல்லாம் அவள்தான் என்று எடுத்தார். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ. ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. எல்லோரும் அழைத்தார்கள், ஒருத்தியைத் தவிர. புரூஃப் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எண்ணைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். வேலைக்காகக் கூட அடிக்க மனமில்லை என்றால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? அவள் இல்லாத வீட்டில், அவள் குரல் இல்லாத போனைக் காதில் வைத்து வைத்து அவருக்குக் காது சிவந்துபோனது.

பிறகு, என்ன மாயமோ, அழைப்புகள் குறைய ஆரம்பித்தன. முதலில் கடைத்தெருப் பக்கத்து ஆட்கள் நின்றார்கள். அப்புறம் பேருந்து நிலையம், ஆற்றோரம். மழையும் விட்டுவிட்ட ஒரு மாலையில் தொலைபேசி அடியோடு ஓய்ந்துவிட்டது. புதுப் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நிம்மதியாக இருக்க வேண்டும். அழுகையாக வந்தது.

வாசல் மணி அடித்தது. வண்டிக்காரர் நின்றிருந்தார். அவர் பின்னால் வண்டியில் புதுப் போஸ்டர்கள் கட்டுப் பிரிக்காமல் இருந்தன.

"இன்னும் ஒட்டலையா?"

"தேவைப்படல சார். போற தெருவுல எல்லாம் பழைய போஸ்டர்லயே நம்பரைக் கோடு போட்டு அடிச்சு, சரியான நம்பரை எழுதியிருக்கு. சிவப்புல. யாருடான்னு பார்த்தா, ஆத்தோரம் உங்க வீட்டம்மா குடையைக் கழுத்துல இடுக்கிக்கிட்டு எழுதிட்டு நிக்கிறாங்க. முட்டியளவு சேறு."

டிசைனர் கதவைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு ஒரு வார்த்தை பேச மனமில்லை, ஊர் முழுக்க நடந்து தப்பைத் திருத்த மட்டும் மனமிருக்கிறது. கடைசி வரைக்கும் அவருடைய பிழைதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அவர் தெரியவில்லை.

"'அழை'யையும் அடிச்சு 'அலை'ன்னு திருத்திட்டாளா?"

"இல்ல சார், அதைத் தொடவே இல்ல. நம்பர் மட்டும்தான்."

"நம்பர் மட்டும் எதுக்காம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன் சார்" என்றார் வண்டிக்காரர். "புரூஃப் வந்ததுலேருந்து அந்த நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருக்காங்களாம், எப்பப் பார்த்தாலும் லைன் பிஸியாம். ஊர்ல மத்தவங்க எல்லாரும் அடிக்கிறதை நிறுத்தினாத்தான் தனக்குக் கிடைக்கும்னாங்க."