ஜீப்பின் முன்னால் எதை மாட்டுவது?

ராஜகீழ்ப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான டேனியல் மச்சானுக்கு, ஏசுதாசன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் தங்கை ஹில்டாவும் சுகம். நாவலூரில் நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, நான்கு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஹில்டா மகள் கட்சி; போனில் பேசினால் கேட்டுவிடுவாள் என்றுதான் ஸ்பீடு போஸ்ட்.

என் மகள் ஜெரூஷா பழைய ஜீப் ஒன்று வாங்கியிருப்பது உங்களுக்குத் தெரியும். தெரியாமல் என்ன, அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மகராசன் நீங்கள்தானே. வருகிற சனிக்கிழமை சிநேகிதிகளோடு ஜவ்வாது மலையில் ரோடே இல்லாத பாதையில் அதை ஏற்றப் போகிறாளாம். ரோடு இருக்கும்போதே கேம்ப் ரோடு சிக்னலைத் தாண்ட ஜெபம் செய்கிறவன் நான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, முன்னாடி மாட்டுற பம்பரை நீங்களே செலக்ட் பண்ணுங்க, அப்பவாவது உங்களுக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள். நிம்மதியாவது! முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், ஓர் இரும்பைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் அல்லாடுகிறேன்.

கடைக்காரர் ஜெயவேலு மூன்று தினுசு காட்டினார். முதலாவது, ஹெட்லைட்டுக்கு மேலெல்லாம் குழாய் வளைத்த பெரிய இரும்பு. "இத்த மாட்டிகினா யானையே வந்தாலும் ஒண்ணியும் ஆவாது சார்" என்றார். "யானை வருமா?" என்றேன். "வரும்னு சொல்லல சார், வந்தா." அதுவரை என் கவலைகளில் யானை கிடையாது. அதோடு விட்டாரா? "இன்னா ஒண்ணு, போலீஸ் புடிப்பாங்க. நடந்து போறவன் மேல பட்டா அவன் காலி." என் பெண்ணைக் காப்பாற்ற ஊரான் பிள்ளையை அடிப்பதா? இரண்டாவது மெல்லிய தகடு, தொட்டாலே ஆடியது. மூன்றாவது நடுத்தரம்: குட்டையான எஃகு, கூர் இல்லாத ஓரம், வண்டி சிக்கினால் கயிறு கட்டி இழுக்க இரண்டு கொக்கி. கொக்கி எதற்கு வைக்கிறார்கள்? சிக்கும் என்று தெரிந்துதானே!

கடைசியில் நம் வீட்டு வழக்கப்படி மூன்றையும் சீட்டில் எழுதி, வேதத்துக்குள் வைத்து, ஜெபித்து எடுத்தோம். ஹில்டா எடுத்ததில் பெரிய இரும்பு வந்தது. ஆண்டவரே பெரிதாக மாட்டச் சொன்னால், பெரிதாக எதுவோ மோதப் போகிறது என்றுதானே அர்த்தம்? மறுபடி எடுக்கச் சொன்னேன். தகடு வந்தது. அப்படியானால் எதை மாட்டியும் பிரயோஜனமில்லை. மூன்றாம் தடவை, உங்களிடம் மறைப்பானேன் மச்சான், மூன்று சீட்டிலும் "பயணம் வேண்டாம்" என்று எழுதி மடித்துவிட்டேன். ஜெரூஷா ஒன்றை எடுத்தாள். வாசித்தாள். மிச்சம் இரண்டையும் பிரித்தாள். "ஜெபம் பண்ணிட்டே ஏமாத்துறீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள்தான், அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. சபையில் காணிக்கைத் தட்டு பிடிக்கிறவன் நான். வெட்கத்தில் ஞாயிறு ஆராதனைக்குக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

ஆகவே மச்சான், வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். போக வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றியதுபோல் சொல்லுங்கள். என் பெயர் வரவே கூடாது. ஜான்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முக்கியமாக, வெள்ளிக்கிழமை வரத்தை.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
ஏசுதாசன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஜெரூஷா வந்து பக்கத்தில் நின்றாள். "நான் போகலப்பா. ஆபீசுக்கு ஓட்டுறப்பவே பாதியில ஓரமா நிறுத்திடுறேன். வண்டி உருண்டுடுமோ, கதவு திறக்காதோன்னு என்னென்னமோ தோணுது" என்றாள். நான் சந்தோஷப்பட வேண்டியவன்தானே? என் பயம் அப்படியே அவள் குரலில் கேட்டது மச்சான். எனக்குத் தாங்கவில்லை. "யாரு சொன்னது? நீ போற!" என்று கத்திவிட்டேன். கையோடு அவளையே ஓட்டச் சொல்லி ஜெயவேலு கடைக்குப் போய், மூன்றாவதை மாட்டிக்கொண்டு வந்துவிட்டோம். போக வர ஒரு தடவைகூட நான் "மெதுவா" என்று சொல்லவில்லை. எனவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வந்து, தைரியமாகப் போய் வா என்று அவளிடம் சொல்லுங்கள். ஆனால் சனிக்கிழமை அவள் கிளம்பியதும் நீங்களும் கிளம்பிவிடாதீர்கள். அவள் திரும்பி வரும்வரை என்னோடு உட்கார்ந்திருங்கள்.