ரயில்காரரைக் கள்ளராக்கிய கதை

எனக்குச் சந்தேகம் ஒரு வருத்தம். அதற்கு இன்னும் மருந்தோ குளிசையோ கண்டுபிடிக்கவில்லை. ரெலிபோனில் யாராவது மரியாதையாகக் கதைத்தாலே, இவன் என்னத்துக்கோ அடிபோடுகிறான் என்று நினைப்பேன். (கலியாணம் பேசியபோது வதனியின் படத்தைப் பார்த்து, உது அவவின்ர படம்தானோ என்று கேட்டவன் நான். அவ இன்னும் மறக்கவில்லை.)

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் மளிகைச் சாமான் இறக்குமதி செய்யும் சிவா அண்ணையிடம் வேலைக்குச் சேர்ந்த புதிது. கப்பலில் வந்து, பிறகு ரயிலில் ரொறன்ரோ வரும் கொண்டெய்னர்களை நேரத்துக்கு எடுப்பிப்பது என் பொறுப்பு. மூன்று மாதம் பார்த்துத்தான் வேலை நிரந்தரக் கடிதம் தருவேன் என்றிருந்தார். அந்தக் கடிதம் இல்லாமல் அஜக்ஸ் நகரில் நாங்கள் பார்த்துவைத்த வீட்டுக்கு வங்கி கடன் தராது. வதனியோ அந்த வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலையே பார்த்துவிட்டாள்.

அப்போதுதான் ரயில் கொம்பனியின் பெயரில் ஒரு ஈமெயில் வந்தது. மேலதிக சேவைக் கட்டணங்கள் மாறுகின்றனவாம். கொண்டெய்னரைத் தங்கள் சரக்கு யாட்டில் இலவசமாக வைத்திருக்கும் நாட்கள் குறைகின்றனவாம். ரெலிபோனில் விபரம் கேட்டால் அதற்கும் கட்டணமாம். மேலும் அறிய இங்கே அழுத்தவும்.

கேட்கிறதுக்கும் காசா? (ஆரிட்டை விடுறாய் கதை?) உடனே அழித்தேன்.

இரண்டு நாளில் ஒரு பெண் அழைத்தாள். "உங்கள் மூன்று கொண்டெய்னர்கள் வந்துவிட்டன. புதிய கட்டண அறிவித்தல் கிடைத்ததா?"

"நீங்கள் ரயில் கொம்பனி என்றால், உள்ளே என்ன இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்பம்," என்று என் ஆங்கிலத்தில் மடக்கினேன்.

"தேங்காய்ப்பால், சேர்."

இவ்வளவு விபரம் கள்ளருக்கு எப்படிப் போனது? எங்கள் கந்தோரில் வேலைசெய்யும் யாரோதான் தகவல் கொடுக்கிறான். நம்பரை புளொக் பண்ணினேன்.

அத்தோடு விட்டேனா? தமிழ் இறக்குமதியாளர்களின் வட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். "ரயில் கொம்பனி எண்டு ஒரு கள்ளக் கூட்டம் போன் எடுக்குது. எல்லாரும் இந்த நம்பரை புளொக் பண்ணுங்கோ." கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. "தம்பி, எங்கட சனத்தைக் காப்பாத்திப்போட்டீர்" என்று ஒருவர் எழுதியதை வதனிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

அடுத்த கிழமை எங்கள் லொறிக்காரர் யாட்டு வாசலிலிருந்து அழைத்தார். "அண்ணை, புதுக் கட்டணம் கட்டாமல் விடமாட்டினமாம். இஞ்ச மறிச்சு வைச்சிருக்கிறது முழுக்க எங்கட ஆக்களின்ர லொறியள்தான். ஆருமே ரயில்காரரின்ர போனை எடுக்கேல்லையாம்."

அஜக்ஸ் வீடு போச்சுது என்றே முடிவுகட்டினேன்.

சிவா அண்ணையின் முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் தன் போனை எடுத்துத் தட்டினார். கனநேரம் தட்டினார். கடைசியில், "புளொக் பண்ணின உந்த நம்பரைத் திருப்பி எப்பிடித் திறக்கிறது?" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"என்னைப் பாக்காதையும். உம்மட மெசேச்சை மொன்றியல் ஆக்களுக்கும் அனுப்பினது நான்தான்." எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். "இதை வெளியில கதைக்கப்படாது. நிரந்தரக் கடிதம் நாளைக்குத் தாறன்."

அது என் திறமைக்குத் தந்த கடிதமா, வாயை மூடத் தந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். வதனிக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

சிவா அண்ணை கதவைச் சாத்தி என்ன, லொறிக்காரர் வாயைச் சாத்தவில்லை. என் மெசேச் செய்த வேலை சனம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இப்போது எங்கு போனாலும் யாராவது ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டுகிறார்கள். போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு அன்ரி, காசு கட்டச் சொல்லும் வரிக் கந்தோர்க் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தா. முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அன்ரி, இது சுத்தக் கள்ளம்," என்றேன்.

அன்ரி நிம்மதியாகப் புருசன் பக்கம் திரும்பினா.

"இஞ்சருங்கோ, உது உண்மையான கடிதம்தான். நாளைக்கே கட்டிப்போடுங்கோ."